நூலா, எட்டு எபிசோடா, முப்பது எபிசோடா: ஏற்காட்டுக்கு எதை எடுத்துச் செல்வது?

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டு மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிற எங்கள் வாசகர் வட்டம், ஆண்டுக்கு ஒருமுறை தை மாதத்தில் ஏற்காட்டுக்குச் சென்று, இரண்டு நாள் தங்கி, ஒரே ஒரு படைப்பைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்கும். இந்த முறை சீன எழுத்தாளர் லியு சிஷின் எழுதிய 'த்ரீ பாடி ப்ராப்ளம்' என்ற அறிவியல் புனைகதையை எடுத்துக்கொள்வது என்பதில் பதினொரு பேருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அதை எந்த வடிவில் எடுத்துக்கொள்வது என்பதிலேயே இரண்டு கூட்டங்கள் கழிந்துவிட்டன. நாவலைப் படித்துவிட்டுத்தான் மலையேற வேண்டும் என்பவர்கள் நான்கு பேர். நெட்ஃபிளிக்ஸ் தொடரைப் பார்த்தால் போதும் என்பவர்கள் ஐந்து பேர். சீனாவிலேயே டென்சென்ட் நிறுவனம் எடுத்த தொடரைப் பார்க்க வேண்டும் என்பவர்கள் இருவர். மூன்றையும் முடித்தவர்கள் நானும் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியை ஒருவரும் மட்டுமே என்பதால், ஒப்பிட்டு எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது.

நாவல் 2006இல் ஓர் இதழில் தொடராக வந்து 2008இல் நூலானது. கென் லியு செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2014இல் வெளியாகி, அடுத்த ஆண்டே அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதைப் பெற்றது; மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றுக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதல் முறை. டென்சென்ட் தொடர் 2023 ஜனவரியில் 30 எபிசோடுகளாகவும், நெட்ஃபிளிக்ஸ் தொடரின் முதல் சீசன் 2024 மார்ச்சில் 8 எபிசோடுகளாகவும் வெளிவந்தன. நேரக் கணக்கைப் பார்த்தால் சீனத் தொடருக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் வேண்டும். மற்றதற்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம் போதும். நூலோ ஏறத்தாழ நானூறு பக்கம். ஏற்காட்டில் நாங்கள் தங்கும் காபித் தோட்ட வீட்டில் மேகம் இறங்கிவிட்டால் நெட் வராது என்பதால், எதைப் பார்ப்பதாக இருந்தாலும் கீழேயே இறக்கிக்கொண்டு போக வேண்டும். நேரத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பதானால் இந்தக் கட்டுரைக்கே தேவையில்லை, நெட்ஃபிளிக்ஸ்தான் வெல்லும்.

கதையின் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வான்பொருள்கள் ஒன்றையொன்று ஈர்த்துச் சுற்றினால், அவற்றின் பாதையை நியூட்டனின் விதிகளைக் கொண்டு சூத்திரமாக எழுதிவிடலாம். மூன்றாவது ஒன்று சேர்ந்துவிட்டால், எல்லா நிலைக்கும் பொருந்தும் அப்படியொரு சூத்திரம் கிடைப்பதில்லை. தொடக்கத்தில் மயிரிழை அளவு வேறுபாடு இருந்தாலும் பாதை பின்னால் முற்றிலும் மாறிப்போகும் என்பதைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஆன்ரி புவான்கரே 1880களின் இறுதியில் கண்டார். நாவலில் நமக்கு மிக அருகில், நான்கு ஒளியாண்டுத் தொலைவில், மூன்று சூரியன்களுக்கு இடையில் பந்தாடப்படும் ஒரு கோள் இருக்கிறது. அங்கே நாளை விடியுமா, விடிந்தால் எரிக்குமா, உறைய வைக்குமா என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கோளின் மக்கள் குடிபெயர இடம் தேடுகிறார்கள். அவர்களுக்கு நம் முகவரியை அனுப்பி வைப்பவள் பூமியில் உள்ள ஒரு பெண். (பேராசிரியை இங்கே ஒரு திருத்தம் சொல்வார்: நாவல் அந்தக் கோளை வைத்திருக்கும் ஆல்ஃபா சென்டாரி என்ற விண்மீன் தொகுதியில், உண்மையில் இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று ஏறக்குறைய 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்ற, மூன்றாவதான பிராக்சிமா அவற்றிலிருந்து ஏறத்தாழ 0.2 ஒளியாண்டு தள்ளி ஒதுங்கி நிற்கிறது. ஆகவே நாவலில் வரும் குழப்பம் அங்கே கிடையாது. இதைச் சொல்லிவிட்டு, "கதைக்கு அது வேணும்ங்க, விட்டுடலாம்" என்றும் அவரே சொல்வார்.)

நாவலைத் தொடாதவர்கள், கதை வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சினால், இங்கிருந்து சில பத்திகளைத் தாண்டிவிடலாம்.

மூன்று வடிவங்களையும் பிரிப்பது அந்தப் பெண்ணின், யெ வென்ஜியேயின், கதை எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதே என்று நான் நினைக்கிறேன். நடிப்பு, செலவு, வரைகலை எல்லாம் அதற்குப் பிறகுதான். மாவோ காலத்துக் கலாசாரப் புரட்சியின்போது, இயற்பியல் பேராசிரியரான அவளுடைய தந்தை, கூட்டத்தின் முன்னால் மேடையேற்றப்பட்டு, மாணவிகளின் கையால் அடிபட்டுச் சாகிறார். அவருடைய மனைவியே அவருக்கு எதிராகப் பேசுகிறாள். மகள் கூட்டத்தில் நின்று பார்க்கிறாள். 2008இல் வந்த சீன நூலில் இந்தப் பகுதி நடுவில் வைக்கப்பட்டது. தொடக்கத்திலேயே வைத்தால் தணிக்கையைத் தாண்டாது என்று பதிப்பாளர் அஞ்சியதே அதற்குக் காரணம். ஆங்கில மொழிபெயர்ப்பு, ஆசிரியரின் விருப்பப்படி, அதை முதல் அத்தியாயமாக மீட்டு வைத்தது. நெட்ஃபிளிக்ஸ் தொடரும் அதே காட்சியில்தான் தொடங்குகிறது. டென்சென்ட் தொடரோ நிகழ்காலத்தில், அறிவியலாளர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தற்கொலை செய்துகொள்ளும் மர்மத்தில் தொடங்கி, பழைய கதையைப் பின்னால் தள்ளிவைத்து, தந்தையின் சாவை மிகவும் அடக்கி வாசிக்கிறது.

வரிசை மாறினால் என்ன என்று எங்கள் வட்டத்தின் கல்லூரி மாணவர் கேட்டார். எல்லாமே மாறுகிறது என்பது என் பதில். காயத்தை முதலில் பார்த்தவர்கள், எங்கோ வானத்திலிருந்து "பதில் அனுப்பாதே" என்று ஒரு குரல் எச்சரித்த பிறகும் அவள் பதில் அனுப்பும்போது, அவளோடு சேர்ந்து பொத்தானை அழுத்துகிறார்கள். மர்மத்தை முதலில் பார்த்தவர்கள் அவளைக் குற்றவாளியாகத் தேடிக் கண்டுபிடித்து, பிறகுதான் காரணத்தைக் கேட்கிறார்கள். முதல் வகை வாசகருக்கு அவள்மீது இரக்கம் முந்துகிறது. இரண்டாம் வகைக்குச் சந்தேகம் முந்துகிறது. டென்சென்ட் தொடரை விரும்பும் இருவரும் அவளைப் பற்றிக் கடுமையாகவும், நெட்ஃபிளிக்ஸ்காரர்கள் மென்மையாகவும் பேசியதை நான் கூட்டத்திலேயே கவனித்தேன். அவர்கள் தங்கள் இயல்பைத்தான் பேசுவதாக நினைத்தார்கள். எனக்கோ எபிசோடுகளின் வரிசை பேசியதாகவே பட்டது.

நெட்ஃபிளிக்ஸின் மென்மைக்கு இன்னொரு காரணமும் உண்டு. நாவலில், இரகசியம் வெளியே போய்விடும் என்ற நிலை வந்தபோது, யெ வென்ஜியே ஒரு பாறைச் சரிவில் கயிற்றை அறுத்துத் தன் மேலதிகாரியைக் கொல்கிறாள். அதே கயிற்றில் அவளுடைய கணவனும் தொங்கிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தே அறுக்கிறாள். அந்தப் பக்கங்களை நான் மூன்றுமுறை படித்தேன். அவள்மீது இரக்கம் கொள்ளவைத்த ஆசிரியரே அந்த இரக்கத்தை நம்மிடமிருந்து பிடுங்கும் இடம் அது. நெட்ஃபிளிக்ஸில் அந்தக் கொலை இல்லை. யெ வென்ஜியேயின் மகளுக்குத் தந்தையாக எவான்ஸ் என்ற அமெரிக்கன் வந்துவிடுகிறான். கயிறு போனதோடு கதையின் கசப்பில் பாதி போய்விட்டது என்பேன்.

அடுத்தது வானம் சிமிட்டும் இடம். நாவலில் நானோப் பொருள் ஆய்வாளரான வாங் மியாவின் கண்முன் எண்கள் இறங்குவரிசையில் ஓடத் தொடங்குகின்றன. ஆராய்ச்சியை நிறுத்து என்றும், பிரபஞ்சமே உனக்காகச் சிமிட்டும் என்றும் அவனிடம் சொல்லப்படுகிறது. அவன் ஒரு வானாய்வு நிலையத்துக்குப் போய், பெருவெடிப்புக்கு ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகளுக்குப் பிறகு வெளிப்பட்டு இன்றும் எங்கும் பரவியிருக்கும் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு 1 முதல் 5 விழுக்காடு வரை ஏறி இறங்குவதைப் பார்க்கிறான். உண்மையில் அந்தக் கதிர்வீச்சில் இடத்துக்கு இடம் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒரு லட்சத்தில் ஒரு பங்குதான். 1 விழுக்காடு என்றால் என்ன என்று தெரிந்தவனுக்கு மட்டுமே அந்த இரவு பயங்கரமானது. தெருவில் நடப்பவர்களுக்கு அன்றும் சாதாரண இரவுதான். நெட்ஃபிளிக்ஸ் அதை மாற்றி, உலகத்தார் எல்லோரும் அண்ணாந்து பார்க்க விண்மீன்கள் அத்தனையும் அணைந்து எரிவதாகக் காட்டுகிறது. "அந்த எடத்துல எனக்குப் புல்லரிச்சுப்போச்சுங்க சார்" என்றார் மாணவர். அதை நான் மறுக்கவில்லை. லேடீஸ் சீட்டில் நின்று இரவில் கீழே பரவிக்கிடக்கும் சேலத்தைப் பார்த்தவர்கள், மின்சாரம் போய் ஒரு பகுதி முழுவதும் திடீரென்று கறுத்து மீண்டும் எரியும்போது வயிற்றில் ஏற்படும் அந்தச் சிறு அதிர்வை அறிவார்கள். தொடர் அதைத்தான் வானம் அளவுக்குப் பெரிதாக்கியிருக்கிறது. ஆனால் ஒருவனுக்கு மட்டும் தெரிந்த அச்சம் என்பது வேறு. அதைத் திரையில் காட்டுவது கடினம், பக்கத்தில் எழுதுவது எளிது. பேராசிரியையும் நானும் இந்த ஒரு காட்சிக்காகவே நூலின் பக்கம் சாய்ந்தோம்.

இரயில்வேயில் சிக்னல் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர் நூலின் பக்கம் சாய்ந்தது வேறொரு காரணத்துக்காக. மூன்று சூரியன்களின் உலகத்தைக் காட்டுவதாகக் கதைக்குள் வரும் கணினி விளையாட்டில், சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் மூன்று கோடி வீரர்களை நிறுத்தி, கறுப்பு, வெள்ளைக் கொடிகளால் ஒரு கணினியை உருவாக்குகிறார். மூன்று வீரர்கள் சேர்ந்தால் ஒரு தருக்க வாயில், அதாவது கணினியின் மிகச் சிறிய முடிவெடுக்கும் உறுப்பு. இருவரும் கறுப்புக் கொடி தூக்கினால் மட்டுமே மூன்றாமவர் கறுப்புக் கொடி தூக்க வேண்டும் என்ற விதியிலிருந்து தொடங்கி, படிப்படியாக முழுக் கணினியும் எழும்புவதை நாவல் பொறுமையாகச் சொல்கிறது. ஒரு நெம்புகோல் சரியான நிலைக்கு வராமல் இன்னொரு நெம்புகோல் அசையவே முடியாதபடி பூட்டப்பட்ட பழைய சிக்னல் கேபினில் தாம் முப்பது ஆண்டுகள் செய்த வேலையும் இதுவேதான் என்றார் அவர். நெட்ஃபிளிக்ஸில் பேரரசர் குப்ளாய் கானாக மாறிவிட்டார்; மேலிருந்து பார்க்க அழகாக இருக்கிறதே தவிர, மூன்று பேர் என்ன செய்கிறார்கள் என்பது கண்ணில் தங்குவதில்லை. டென்சென்ட் தொடர் விளையாட்டு முழுவதையும் கணினி வரைகலையில் செய்திருக்கிறது. முகங்கள் பொம்மைபோல் இருந்தாலும், நூலை ஒட்டியே போகிறது.

திரை தெளிவாக வெல்லும் இடம் பனாமா கால்வாய். வேற்றுக்கோளாரை வரவேற்கும் பூமிக்காரர்களின் கப்பலில் இருக்கும் தகவல்களை, அவை அழிக்கப்படுவதற்குள் கைப்பற்ற வேண்டும். அதற்காகக் கால்வாயின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத நானோ இழைகளை அரை மீட்டர் இடைவெளியில் கட்டி, கப்பலையே துண்டு துண்டாகச் சீவிவிடுகிறார்கள். இரவில் செய்தால் படுத்திருப்பவர்கள் இழைகளுக்கு இடையில் தப்பிவிடுவார்கள், ஆகவே பகலில் செய்ய வேண்டும் என்று நாவலில் குளிர்ந்த குரலில் கணக்குப் போடப்படுகிறது. நெட்ஃபிளிக்ஸின் ஐந்தாம் எபிசோடு அந்தக் கப்பலில் குழந்தைகளையும் ஏற்றிவிட்டு, அந்த இழையை உருவாக்கிய பெண்ணைக் கரையில் நிறுத்திப் பார்க்க வைக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் எங்கள் நண்பர் மெல்லிய கம்பியோடு வாழ்ந்தவர். வெள்ளியை இழுக்க இழுக்க அது எப்படிக் கையையே அறுக்கும் கூர்மையை அடையும் என்று விரலில் இருந்த பழைய தழும்பைக் காட்டிச் சொன்னார். நாவலில் இழையின் திறமையைப் படித்து வியந்ததாகவும், தொடரில்தான் அதைச் செய்தவரின் கை நடுங்குவதைப் பார்த்ததாகவும் அவர் சொன்னபோது, நூல் கட்சியில் இருந்த எனக்கு மறுமொழி இல்லை.

பாத்திரங்களைப் பொறுத்தவரை, நாவலின் வாங் மியாவ் நம்மை அழைத்துச் செல்லும் வழிகாட்டிதான். அவனுக்கென்று பெரிய மனம் இல்லை. நெட்ஃபிளிக்ஸ் அவனை உடைத்து, இழை ஆய்வை ஒருத்திக்கும் விளையாட்டை இன்னொருத்திக்குமாகக் கொடுத்து, ஆக்ஸ்ஃபோர்டில் படித்த ஐந்து நண்பர்களாக்கி, கதையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டது. அவர்கள் ஊர்க் கதையை அவர்கள் ஊரிலேயே விட்டிருக்கலாம் என்று அம்மாபேட்டை நெசவாளர் வருத்தப்பட்டார். நாவலைப் படமாக்குகிறவர்கள் வெட்டவும் சேர்க்கவும் செய்வார்கள் என்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஏற்காடு சாலையில் வளைவு மட்டும் மிஞ்சி நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலை 1950இலேயே 'திகம்பர சாமியார்' என்று படமாக்கி, நம்பியாரைப் பல வேடங்களில் உலவவிட்டது. ஆகவே ஒரு பாத்திரம் ஐவரானது எனக்குக் குற்றமாகப் படவில்லை. ஐவரும் எந்நேரமும் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பதுதான் சலிப்பைத் தருகிறது. டென்சென்ட் தொடருக்கும் தன் பங்குக்குச் சலிப்பு உண்டு. நூலில் இல்லாத பெண் பத்திரிகையாளர் ஒருவரைச் சேர்த்து நீட்டியிருக்கிறார்கள், வேகமாக ஓட்டிவிடலாம்.

மூன்று வடிவத்திலும் யாருக்கும் குறை இல்லாத ஒருவர், போலீஸ்காரர் ஷி. வேற்றுக்கோளார் நம்மைப் பூச்சிகள் என்று சொல்லிவிட்டார்களே என்று குடித்துக் கிடக்கும் இரு அறிவியலாளர்களை நாவலில் அவர் தம் ஊர்க் கோதுமை வயலுக்கு அழைத்துப்போய், வெட்டுக்கிளிக் கூட்டத்தைக் காட்டி, இத்தனை மருந்து அடித்தும் இவை அழிந்தனவா என்று கேட்கிறார். ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி போட்டிருக்கும் எங்கள் உறுப்பினர், நூலில் இந்த ஒரு பக்கத்தை மட்டும் நான் படித்துக்காட்டியதும், "மாவுப்பூச்சி வந்தப்ப எங்களுக்கு இதத்தானுங்க யாராச்சும் சொல்லியிருக்கணும்" என்றார். 2020க்குப் பிறகு மரவள்ளியைத் தின்ற அந்தப் பூச்சியை மருந்தால் கட்டுப்படுத்த முடியாமல், ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து, 2022இல் நம் மாவட்டத்து ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வயல்களில் விடவேண்டியிருந்தது. பூச்சிக்குப் பூச்சியே எதிரி. ஷி இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

முடிவுக்கு முன் கவனிக்க வேண்டியது இன்னொன்று. நாவல் மூன்று நூல்கள் கொண்ட வரிசையில் முதலாவது. டென்சென்ட் தொடர் முதல் நூலோடு நின்றுவிடுகிறது. நெட்ஃபிளிக்ஸின் எட்டு எபிசோடுகள் முதல் நூலைக் கடந்து, இரண்டாம், மூன்றாம் நூல்களில் வரவேண்டியவற்றையும் இழுத்துக்கொண்டு வந்துவிடுகின்றன. அதை முதலில் பார்ப்பவர்கள் பின்னால் நூல்களை எடுத்தால், திறக்காத இரண்டு கதவுகளின் சாவி ஏற்கெனவே பையில் இருக்கும். நெட்ஃபிளிக்ஸ் பார்த்துவிட்டுப் பிறகு படிக்கலாம் என்ற சமரசத்தை நான் ஏற்காததற்கு இதுவே முதன்மைக் காரணம். நூலைப் படித்துவிட்டுத் தொடரைப் பார்ப்பவர்களுக்கு இந்த இழப்பு குறைவு.

ஆகவே என் பரிந்துரை இது: முதல் நூலை, ஆங்கில மொழிபெயர்ப்பில், தையில் புறப்படுவதற்குள் எல்லோரும் முடிக்க வேண்டும். ஏற்காட்டில் முதல் நாள் மாலை நெட்ஃபிளிக்ஸின் தொடக்கக் காட்சியையும் டென்சென்ட் தொடரின் முதல் எபிசோடையும் அடுத்தடுத்துப் போட்டு, வரிசையைப் பற்றிப் பேசலாம். இரண்டாம் நாள் காலை ஐந்தாம் எபிசோடு மட்டும். ஆங்கிலத்தில் நானூறு பக்கம் படிப்பது சிலருக்குப் பாரம்தான். அவர்கள் விளையாட்டு அத்தியாயங்கள் சிலவற்றை முதலில் தாண்டிப் போகலாம், கொடி பிடிக்கும் வீரர்களை மட்டும் விட்டுவிடக் கூடாது.

விதிவிலக்கு ஒருவருக்கு உண்டு. கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதமே ஆன மூத்த உறுப்பினர் ஒருவர், நூலைப் படிக்க முடியாது, சீனத் தொடரைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அதிலும் கீழே ஓடும் ஆங்கில எழுத்தைத்தானே படிக்க வேண்டும் என்று நினைவூட்டியதும் சிரித்துவிட்டார். அவருக்கு நெட்ஃபிளிக்ஸ்தான் சரி, ஆங்கிலத்தைக் காதால் கேட்டுக்கொள்வார். கயிறு அறுபடும் பக்கங்களை மட்டும் பேராசிரியை அவருக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டுவதாக ஏற்றிருக்கிறார்.

வட்டத்தில் இப்போது இருப்பது மூன்று பிரதிகள். ஒன்று சிக்னல்காரரிடம் போய்விட்டது. மற்றொன்றை நெசவாளர் கேட்டிருக்கிறார். மூன்றாவதை மாணவர், ஐந்தாம் எபிசோடு பற்றிய தம் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன் என்ற நிபந்தனையோடு வாங்கிப் போயிருக்கிறார்.